ஒரே ஒரு பாடத்திலிருந்து தொடங்குங்கள்

கற்பிட்டிக் குடாநாட்டில் தரம் 9, 10 வகுப்புகளுக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: "டிஜிட்டல் கற்பித்தல் பற்றிய செயலமர்வுகளுக்கெல்லாம் போய் வந்தேன். சான்றிதழ்கள் கோவையில் இருக்கின்றன. பாடசாலையில் ஒரு மல்டிமீடியா இருக்கிறது. பழைய மாணவர்கள் ஸ்மார்ட் போர்ட் ஒன்றும் வாங்கித் தந்தார்கள். ஆனால் வகுப்புக்குள் போனதும் கை வெண்கட்டியைத்தான் தேடுகிறது. சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கிறது. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. நான் இன்னும் எதைப் படிக்க வேண்டும்?"

டீச்சர், இப்போதைக்கு இன்னொரு செயலமர்வைத் தேட வேண்டாம். "எதைப் படிக்க வேண்டும்" என்ற கேள்வியையும் சற்று ஒத்திவைப்போம். சென்ற தவணைப் பரீட்சையின் விடைத்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு, "என் பிள்ளைகள் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்" என்று பாருங்கள். வகுப்பில் பாதிப் பேர் ஒரே வினாவில் ஒரே பிழையை விட்டிருப்பார்கள். அந்த வினாவுக்குரிய பாடம்தான் உங்கள் தொடக்கம். அந்த ஒரு பாடத்துக்கு எந்தக் கருவி உதவும், அதில் எவ்வளவு பழக வேண்டும் என்பது அதன்பிறகு தெளிவாகிவிடும். கருவியைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற பாடத்தைத் தேடும் பயிற்சிகளைத்தான் நாம் இதுவரை அதிகம் பெற்றோம். அவை வகுப்பறை வாசலோடு நின்றுவிட்டதில் உங்கள் குற்றம் எதுவுமில்லை.

உலகம் இதைப் பெரும் செலவில் கற்றிருக்கிறது. பெரு நாடு தன் பிள்ளைகளுக்கு 8 இலட்சத்துக்கும் அதிகமான சிறு மடிகணினிகளை வாங்கிக் கொடுத்தது. 319 கிராமப்புறப் பாடசாலைகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012 இல் வெளிவந்தது. கணிதத்திலோ மொழியிலோ அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட முன்னேறியதற்குச் சான்று கிடைக்கவில்லை. கணினி வந்தது, அதை வைத்துக் கற்பிக்கும் முறை வரவில்லை. அதற்கும் முன்பே, 1980களில், அமெரிக்க ஆய்வாளர்களான புரூஸ் ஜோய்சும் பெவர்லி ஷவர்சும் ஆசிரியர் பயிற்சியைப் பற்றி ஓர் உண்மையைச் சுட்டிக்காட்டியிருந்தார்கள். விரிவுரை கேட்பதாலும் செய்துகாட்டுவதைப் பார்ப்பதாலும் மட்டும் புதிய முறை வகுப்பறைக்குள் போவதில்லை. ஆசிரியர் தம் வகுப்பில் அதைச் செய்து பார்க்கும்போது பக்கத்தில் ஒருவர் இருந்து துணைசெய்தால்தான் அது நிலைக்கிறது. நீங்கள் பெற்ற செயலமர்வுகளில் இல்லாமற்போனது அந்தத் துணைதான். அதை எப்படித் தேடிக்கொள்வது என்று பிறகு சொல்கிறேன்.

உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது இந்தக் கரையோரத்து ஆசிரியர்கள் எவரும் முன்னறிவிப்புப் பெற்றிருக்கவில்லை. சில வாரங்களில் வாட்ஸ்அப் குழு அமைத்தார்கள், குறிப்புகளைப் படமெடுத்து அனுப்பினார்கள், குரல் பதிவில் விளக்கம் சொன்னார்கள். ஊவாவின் போகிட்டியாவ கிராமத்தில் சிக்னல் கிடைக்கும் பாறையைத் தேடி ஆசிரியரும் பிள்ளைகளும் காட்டுக்குள் ஏறிப்போன செய்தியை 2021 இல் உலகமே படித்தது. நம் பக்கத்திலும் கூரையிலும் கடற்கரையிலும் சிக்னல் தேடிய பிள்ளைகள் இருந்தார்கள். அடுத்த ஆண்டு மின்வெட்டு வந்தது. 2022 மார்ச் 31 அன்று நாட்டில் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. 900 மெகாவாட் அனல்மின் நிலையம் நிற்கும் நுரைச்சோலையைச் சுற்றியுள்ள ஊர்களும் அதை அனுபவித்தன. அந்த மூன்றாண்டுகளில் படமெடுக்கவும், ஒலிப்பதிவு செய்யவும், கோப்பு அனுப்பவும் நீங்கள் பழகிவிட்டீர்கள். பாடசாலை திறந்ததும் கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டோம். நெருக்கடிக்காகக் கற்றதை இப்போது வகுப்பறைக்காக மீண்டும் வெளியே எடுக்க வேண்டும். இதற்கு நாற்பது வயது தடையே அல்ல. பிள்ளைகள் எங்கே தடுமாறுவார்கள் என்பதை அனுபவமுள்ள ஆசிரியரே முன்கூட்டி அறிவார்; இளம் ஆசிரியருக்குக் கருவி விரைவில் பழகும், அந்த அறிவு வர ஆண்டுகள் ஆகும்.

உங்கள் பாடத்திலேயே எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். மின்சுற்றுப் பாடத்தில் பிள்ளைகள் பலர் மின்னோட்டம் முதல் மின்குமிழைக் கடக்கும்போதே பாதி தீர்ந்துவிடுகிறது என்று நம்புகிறார்கள். நீங்கள் எத்தனை முறை சொன்னாலும் அந்த நம்பிக்கை போகாது, ஏனென்றால் கம்பிக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாததைக் காட்டத்தான் கணினி வேண்டும். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002 இல் தொடங்கிய 'பெற்' என்ற திட்டம் விஞ்ஞான, கணிதப் பாவனைப் பரிசோதனைகளை இலவசமாகத் தருகிறது. தொடங்கியவர் அதற்கு முந்திய ஆண்டு பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன். அதில் மின்சுற்றுக்கான பரிசோதனை இருக்கிறது: கலத்தையும் குமிழையும் கம்பியையும் இழுத்து இணைத்தால் இலத்திரன்கள் ஓடுவதைப் பார்க்கலாம். பல பரிசோதனைகள் தமிழிலும் கிடைக்கின்றன. வீட்டிலோ சிக்னல் உள்ள இடத்திலோ ஒருமுறை பதிவிறக்கி மடிகணினியில் வைத்துக்கொண்டால் வகுப்பில் இணையம் தேவையில்லை.

இங்கே ஒழுங்குமுறை முக்கியம். மல்டிமீடியாவைப் போட்டவுடன் காட்டிவிடாதீர்கள். முதலில் கரும்பலகையில் இரண்டு குமிழ்கள் தொடராக இணைந்த சுற்றை வரைந்து, எது கூடுதலாக ஒளிரும் என்று ஒவ்வொரு பிள்ளையும் கொப்பியில் எழுதட்டும். எழுதிய பிறகே திரையில் சுற்றை மூடுங்கள். இரண்டு குமிழும் ஒரேயளவு ஒளிர்வதையும், எல்லா இடத்திலும் இலத்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதையும் பார்த்ததும் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். அந்த நேரத்தில் நீங்கள் பேசாமல் இருங்கள். தங்கள் விடை ஏன் பிழைத்தது என்று அவர்கள் இருவர் இருவராகப் பேசட்டும். பிறகு உண்மையான உலர்மின்கலமும் குமிழும் கொண்டு அதையே கையால் செய்யட்டும். திரையில் முடிந்துவிடும் பரிசோதனை அரைப் பரிசோதனைதான். 40 நிமிடப் பாடவேளையில் திரைக்கு 10 நிமிடம் போதும்.

மல்டிமீடியா வேறு வகுப்பில் இருக்கிறதா? இயக்கம் பற்றிய பாடத்தை உங்கள் கைபேசி ஒன்றைக்கொண்டே நடத்தலாம். ஒரு பந்தை மீற்றர் கோலின் பக்கத்தில் விழவிட்டுக் காணொளி எடுங்கள். சாதாரணக் காணொளியில் ஒரு செக்கனுக்கு 30 சட்டங்கள் இருக்கும். மூன்று சட்டத்துக்கு ஒருமுறை நிறுத்தினால் பத்தில் ஒரு செக்கன். பந்து விழுந்த தூரம் ஏறக்குறைய 5, 20, 45 சென்ரிமீற்றர் என்று வரும். அந்த எண்களைப் பிள்ளைகளே வாசித்து வரைபு வரைந்தால் ஆர்முடுகல் என்பது மனப்பாடச் சொல்லாக இராது. இதற்கு இணையமும் வேண்டாம், செயலியும் வேண்டாம். கணித ஆசிரியருக்கு ஜியோஜீப்ரா இதே உதவியைச் செய்யும். அதையும் நிறுவிவிட்டால் இணையமின்றி இயங்கும். ஆங்கில ஆசிரியருக்குப் பிள்ளையின் வாசிப்பைப் பதிந்து அவனுக்கே போட்டுக்காட்டும் ஒலிப்பதிவு போதும்.

ஒரு தவணைக்கு ஒரு கருவி, அதில் இரண்டு அல்லது மூன்று பாடம். அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். செயலமர்வில் ஒரே நாளில் பத்துச் செயலிகளைக் காட்டுகிறார்கள். பத்தையும் கைபேசியில் நிறுவிவைத்து ஒன்றையும் பயன்படுத்தாத ஆசிரியர்களையே அது உருவாக்குகிறது.

பாடம் விளங்கியதா என்பதை உடனே அறிய இப்போது புதிர்ப்போட்டிச் செயலிகள் பல வந்துவிட்டன. பிள்ளைகள் எல்லோர் கையிலும் கைபேசி இருந்தால் அவை நல்லவை. நம் வகுப்பறைகளில் அது நடவாது, நடக்க வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. ஒரு தாளை நான்காக மடித்து நான்கு பக்கத்திலும் 1, 2, 3, 4 என்று பெரிதாக எழுதச் சொல்லுங்கள். பல்தேர்வு வினாவைக் கேட்டு, விடை எண் உங்களுக்குத் தெரியும்படி பிடிக்கச் சொல்லி, கைபேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். ஓய்வு நேரத்தில் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பெயர் பெயராகத் தெரியும். குறித்துக்கொண்டதும் படத்தை அழித்துவிடுங்கள்.

சிக்னல் இல்லை என்பதைத் தடையாக எண்ணாமல் நம் ஊரின் நிலையாக ஏற்றுக்கொண்டு திட்டமிட வேண்டும். வகுப்பில் இணையம் தேவைப்படும் எந்தப் பாடத்தையும் ஆயத்தம் செய்யாதீர்கள். இது என் உறுதியான ஆலோசனை. முதல் நாளே பதிவிறக்கி ஒரு பென் ட்ரைவிலும் மடிகணினியிலும் வைத்துக்கொள்ளுங்கள். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ்ப் பாடங்கள் தரவாரியாக உள்ளன. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல்களும், தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் ஆசிரியர் வழிகாட்டிகளும் கிடைக்கும். கிவிக்ஸ் என்ற இலவசச் செயலியால் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் இணையமின்றிப் படிக்கும்படி கணினியில் வைத்துக்கொள்ளலாம். பாடசாலையில் பழைய கணினிகள் நான்கைந்து ஓடும் நிலையில் இருந்தால் கொலிப்ரி என்ற மென்பொருளைக் கேட்டுப் பாருங்கள்; ஒரு கணினியில் பாடங்களை ஏற்றிவைத்தால் மற்றவை வெளி இணையமின்றி அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். இதை நிறுவ வலயத்தின் கணினி வள நிலையத்தில் இருப்பவர்களின் உதவியைக் கேளுங்கள். 2025 ஜூலை முதல் ஸ்டார்லிங்க் செய்மதி இணையம் இலங்கைக்கு வந்துவிட்டது, நாளை சிக்னல் சீராகலாம். அன்றைக்கும் இந்தப் பழக்கம் வீண்போகாது.

கடற்கரைப் பாடசாலைகளுக்கென்று ஒரு கவலை உண்டு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் உப்பும் மணலும் சன்னல் வழியே வந்து எல்லாவற்றின் மீதும் படியும். மல்டிமீடியாவின் காற்று வடி அடைத்துப்போனால் கருவி சூடேறி அணைந்துவிடும். மாதம் ஒருமுறை அந்த வடியைக் கழற்றித் தூசு தட்டுங்கள். பயன்படுத்தி முடிந்ததும் விசிறி நின்று ஆறும்வரை பொறுத்திருந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போட்ட மூடிய பெட்டிக்குள் வையுங்கள். துணியால் மூடிவைப்பது போதாது. யாரும் தொடாமல் பத்திரமாக வைக்கப்பட்ட கருவிதான் இந்தக் காற்றில் முதலில் பழுதாகிறது. அடிக்கடி பயன்படுத்துவதே அதற்கும் நல்லது. உங்கள் பாடக் கோப்புகளின் பிரதி ஒன்று எப்போதும் கூகுள் ட்ரைவ் போன்ற இடத்தில் இருக்கட்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் புத்தளம் மாவட்டத்தில் எத்தனை வீடுகளின் அலுமாரிகளை நனைத்தது என்பதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

இனித் தமிழ் எழுத்து. டிஜிட்டல் பயிற்சி என்று பேசுபவர்கள் இதைத் தொடுவதே இல்லை. என் கணிப்பில் தமிழ்மொழிமூல ஆசிரியரின் நேரத்தை அதிகம் தின்பது இதுதான். பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட வினாத்தாளைக் கைபேசியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல் வருகிறது. பாமினியில் உள்ள கோப்பில் கணினிக்குத் தெரிவது ஆங்கில எழுத்துகள் மட்டுமே. எழுத்துரு இல்லாத இடத்தில் தமிழும் இல்லை. அதைத் தேட முடியாது, கூகுள் படிவத்தில் ஒட்ட முடியாது, இன்னொரு பாடசாலைக்கு அனுப்பினால் அவர்களுக்கும் அதே அவதி. ஆகவே இனிமேல் எதைத் தட்டச்சிட்டாலும் யூனிகோட்டில் தட்டச்சிடுங்கள். ரெங்கநாதன் விசைப்பலகை இலங்கையின் எஸ்.எல்.எஸ். 1326 தரநிர்ணயத்தில் ஏற்கப்பட்டது. பாமினி விசைகளுக்குப் பழகிய விரல்களை மாற்ற விருப்பமில்லை என்றால் என்.எச்.எம். ரைட்டர் போன்ற மென்பொருளில் அதே விசைகளை அழுத்தியே யூனிகோட் எழுத்தைப் பெறலாம். பழைய கோப்புகளை மாற்ற இணையத்தில் எழுத்துரு மாற்றிகள் உள்ளன. மாற்றியபின் ஒருமுறை வாசித்துத் திருத்துங்கள், கொம்பும் காலும் சில இடங்களில் இடம்மாறியிருக்கும். தட்டச்சே வேண்டாம் என்பவர்களுக்குக் கைபேசியில் தமிழில் பேசி எழுதும் வசதி இருக்கிறது. மொழித் தெரிவில் தமிழ் (இலங்கை) என்பதைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

யூடியூப்பில் தமிழில் நல்ல விஞ்ஞானக் காணொளிகள் நிறைய உண்டு, பெரும்பாலானவை தமிழ்நாட்டிலிருந்து வருபவை. அவற்றை அப்படியே வகுப்பில் போடுவதற்கு முன் கலைச்சொற்களைச் சரிபாருங்கள். இது வெறும் மொழிநடைப் பிரச்சினை அல்ல, புள்ளிகளைப் பறிக்கும் பிரச்சினை. நம் பாடநூலில் திணிவு என்பது அங்கே நிறை. நம் பாடநூலில் நிறை என்பது அங்கே எடை. ஒரே சொல் இரண்டு வேறு கணியங்களைக் குறிக்கும்போது தரம் 9 பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்? ஆர்முடுகலை அங்கே முடுக்கம் என்பார்கள், ஒளித்தொகுப்பை ஒளிச்சேர்க்கை என்பார்கள். காணொளி தொடங்குமுன் கரும்பலகையின் ஓரத்தில் இந்தச் சோடிகளை எழுதிவைத்தால் போதும். நீண்ட காணொளி வேண்டாம். மூன்று நிமிடத் துண்டை எடுத்து, இடையில் நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் வினாத்தாள் கேட்கும் பழக்கம் ஆசிரியர்களிடையே வேகமாகப் பரவுகிறது. எனக்கு அதில் மறுப்பில்லை, நிபந்தனை உண்டு. அவை இந்தியப் பாடத்திட்டச் சொற்களையே அதிகம் தரும், பிழையான விடையையும் தயங்காமல் தரும். பாடநூலின் பக்கத்தைப் படமெடுத்துக் கொடுத்து, "இந்தப் பக்கத்திலுள்ள சொற்களை மட்டும் பயன்படுத்தி ஐந்து வினாக்கள் தா" என்று கேளுங்கள். வந்த ஒவ்வொரு வினாவுக்கும் நீங்களே விடை எழுதிப் பார்த்த பிறகே வகுப்புக்குக் கொண்டுபோங்கள். வினா ஆயத்தத்துக்கு இது நல்ல உதவியாளர். விடைத்தாள் திருத்தும் வேலையை மட்டும் அதனிடம் ஒப்படைக்காதீர்கள், பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பதை நீங்கள் அறியும் வழி அதுதான்.

பக்கத்தில் இருக்க வேண்டிய அந்தத் துணைக்கு வருவோம். உங்கள் பாடசாலையில் உங்களோடு ஒத்துவரும் இன்னோர் ஆசிரியரைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதே பாடமாக இருக்க வேண்டும் என்பதில்லை. கணினி நன்றாகத் தெரிந்த இளம் தகவல் தொழில்நுட்ப ஆசிரியரும் பாடம் நன்றாகத் தெரிந்த நீங்களும் சேர்ந்தால் மிக நல்லது. உங்கள் மின்சுற்றுப் பாடத்தின்போது அவர் பின்வாங்கில் வந்து உட்காரட்டும். அவர் உங்களைப் பார்க்க வேண்டாம், பிள்ளைகளைப் பார்க்கட்டும்: யார் எழுதினார்கள், யார் பார்த்து எழுதினார்கள், எந்த இடத்தில் கவனம் சிதறியது. பாடம் முடிந்த அன்றே பத்து நிமிடம் இருவரும் பேசுங்கள். அடுத்த வாரம் வேறொரு பிரிவில் அதே பாடத்தைத் திருத்திச் செய்யுங்கள். யப்பானில் ஆசிரியர்கள் நூறாண்டுக்கும் மேலாக இப்படித்தான் ஒருவர் பாடத்தை மற்றவர் பார்த்து வளர்கிறார்கள்.

நேரத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். பாடசாலை மட்ட ஆசிரியர் வாண்மை விருத்தி என்ற ஏற்பாடு நம் நாட்டில் இருக்கிறது. பாடசாலையே தன் ஆசிரியர்களின் தேவையைக் கண்டு பயிற்சியை ஒழுங்குசெய்ய அது இடமளிக்கிறது. பல இடங்களில் அது வெளியாள் ஒருவரை அழைத்து ஒருநாள் கருத்துரை கேட்டுச் சிற்றுண்டியோடு முடிகிறது. அதிபரிடம் போய், "எங்கள் இருவருக்கும் வாரத்தில் ஒரு பாடவேளையை ஒரே நேரத்தில் ஓய்வாக நேரசூசியில் போட்டுத் தாருங்கள், தவணை இறுதியில் நாங்கள் செய்த மூன்று பாடங்களை மற்றவர்களுக்குக் காட்டுகிறோம்" என்று கேளுங்கள். செலவில்லாத கோரிக்கையை மறுக்கும் அதிபர் குறைவு. ஆசிரிய ஆலோசகர் வரும்போது அறிவுரை கேட்பதோடு நிற்காமல் வகுப்பில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் பாதிப் பக்கம் எழுதிவையுங்கள்: பிள்ளைகளின் தடுமாற்றம், நீங்கள் செய்தது, நடந்தது, அடுத்த முறை மாற்ற வேண்டியது. சான்றிதழோடு சேர்த்து இந்தத் தாள்களையும் கோவையில் போடுங்கள்; உங்கள் வாண்மை வளர்ந்ததற்கு உண்மையான சான்று இவைதான்.

வடமேல் மாகாணத்தில் தமிழ்மொழிமூல ஆசிரியர்கள் சிறு தொகையினர். ஒரு கோட்டத்தில் உங்கள் பாடத்துக்கு உங்களைத் தவிர ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். ஆகவே மாகாண எல்லைக்குள் நிற்காதீர்கள். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இதே பாடநூலை இதே தவணையில் கற்பிக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் குடியமர்ந்த குடும்பங்கள் பலவற்றின் உறவுகள் இப்போதும் அங்கே உண்டு, ஆசிரியர்களிடையேயும் அந்தத் தொடர்பு இருக்கிறது. வாழ்த்துப் படங்கள் பகிரும் பெரிய குழு வேண்டாம். ஒரே பாடம் கற்பிக்கும் ஐந்தாறு பேர், மாதம் ஒரு பாடக் கோப்பைப் பகிர்ந்தால் ஆண்டு முடிவில் எல்லோரிடமும் ஒரு களஞ்சியம் இருக்கும்.

பிள்ளைகளின் வீட்டை நினைக்காமல் இந்த ஆலோசனை முழுமையாகாது. பல வீடுகளில் கைபேசி ஒன்றுதான், அது வாப்பாவோடு கடலுக்குப் போய்விடும். பின்னேரம் 7 மணிக்குப் பிறகே பிள்ளையின் கைக்கு வரும். ஆகவே வீட்டு வேலையைக் காணொளியாக அனுப்பாதீர்கள். இரண்டு நிமிடக் குரல் பதிவு ஒரு மெகாபைட்டைக்கூட எட்டாது. அதே நேரக் காணொளி பத்து மடங்குக்கு மேல் டேட்டாவைக் கொண்டுபோய்விடும். கைபேசியே இல்லாத பிள்ளைக்கு அதே வேலை தாளில் கிடைக்க வேண்டும், மறுநாள் வகுப்பில் அந்தப் பிள்ளை தனித்துத் தெரியக் கூடாது.

குழு அமைப்பதிலும் கவனம் வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த எல்லோருக்கும் எல்லோருடைய இலக்கமும் தெரியும். பெண்பிள்ளைகளின் உம்மாமார் இதற்காகவே குழுவில் சேரத் தயங்குகிறார்கள், அவர்களின் தயக்கம் நியாயமானது. குழுவுக்குப் பதிலாக ஒளிபரப்புப் பட்டியலைப் பயன்படுத்தினால் ஒருவர் இலக்கம் மற்றவருக்குத் தெரியாது. உங்கள் இலக்கத்தை அவர்கள் சேமித்திருந்தால் போதும். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களையும் புள்ளிப் பட்டியலையும் முகநூலில் போடாதீர்கள். 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் பெற்றோர் நம்மை நம்பித் தந்த பிள்ளைகள் அவர்கள்.

இரண்டு மூன்று தவணை இப்படிப் பழகிவிட்டால் வேறொரு கதவு திறக்கும். மற்றவர் செய்ததைக் காட்டுவதை விட்டு, உங்கள் ஊரையே பாடமாக்கலாம். கற்பிட்டியின் மணற்றரையில் வெங்காயமும் மிளகாயும் விளையும் தோட்டங்களை ஒட்டிய கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வாளர்கள் நீண்ட காலமாகச் சொல்லி வருகிறார்கள். உங்கள் பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கிணற்று நீர்மட்டத்தை வாரம் ஒருமுறை அளந்து வந்து பாடசாலைக் கணினியில் விரிதாளில் பதியட்டும். மாரிக்கும் கோடைக்கும் இடையில் அந்தக் கோடு ஏறி இறங்குவதைப் பார்க்கும்போது விரிதாளும் வரைபும் நிலத்தடி நீரும் ஒரே பாடமாகும். புத்தளம் உப்பளத்தில் உப்பு விளையும் படிகளைக் கைபேசியில் படமெடுத்து வரிசைப்படுத்தினால் ஆவியாதலும் பளிங்காக்கமும் பற்றி வேறெங்கும் கிடைக்காத பாடம் அது. களப்போரக் கண்டல் தாவரங்களை இலையும் வேருமாகப் படமெடுத்துப் பெயரிட்டு ஒரு தொகுப்புச் செய்யலாம். உடப்பின் கரைவலைக்காரர்கள் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாடல்களைத் தமிழ் ஆசிரியர் பிள்ளைகளோடு போய், பாடுவோரின் சம்மதத்தோடு ஒலிப்பதிவு செய்து வைக்கலாம். இயந்திரப் படகுகள் பெருகிய காலத்தில் அந்தப் பாடல்கள் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். இத்தகைய பதிவுகளைப் பாதுகாக்க 2005 முதல் இயங்கும் நூலகம் என்ற எண்ணிம நூலகம் நமக்கு இருக்கிறது.

வலயக் கல்வி அலுவலகங்களில் திட்டமிடும் அதிகாரிகளுக்கும் இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். ஆண்டு அறிக்கையில் எத்தனை ஆசிரியர் செயலமர்வுக்கு வந்தார்கள் என்று எழுதுவதோடு நிற்காமல், எத்தனை வகுப்பறைகளில் பாடம் மாறியது என்றும் எழுதுங்கள். ஒருநாள் செயலமர்வுக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியை, தமிழ்மொழிமூல ஆசிரிய ஆலோசகர் பாடசாலைக்கு வந்து வகுப்பில் உட்காரும் பயணச் செலவுக்கு ஒதுக்குங்கள். பயிற்சிக் கையேடுகளைத் தமிழில், யூனிகோட்டில் அனுப்புங்கள்.

டீச்சர், உங்களுக்கு இந்த வாரம் ஒரே வேலைதான். சென்ற தவணை விடைத்தாள்களை எடுத்துப் பிள்ளைகள் அதிகம் தடுமாறிய வினாவைக் கண்டுபிடியுங்கள். அந்தப் பாடத்துக்குப் பின்வாங்கில் வந்து உட்காரும்படி சக ஆசிரியர் ஒருவரிடம் கேளுங்கள்.